எதிர்ச்சூறாவளி: சொல் விளக்கம்

சித்திரையில் கோபி, சத்தியமங்கலம் பக்கம் கோடைமழைக்கு முன்னால் ஒரு காற்று அடிக்கும். குலைதள்ளிய வாழை தோட்டத்தோடு சாயும். ஊரில் அது சூறைக்காத்து, மறுநாள் செய்தியில் 'சூறாவளி'. இடிமேகத்துக்குள் குளிர்ந்த காற்று கீழே கொட்டி, தரையில் மோதிப் பரவுவதுதான் பெரும்பாலும் அது. பெரிய சுழற்சி ஏதும் அதில் இல்லை.

சூறை + வளி = சூறாவளி. சூறைக்குச் சுழல்காற்று, கொள்ளை என இரு பொருளும் உண்டு. 'சூறையாடு' என்பதில் இருப்பது இரண்டாவது. வாழைக்காரருக்குத் தெரிந்ததும் அதுதான்.

'சைக்ளோன்' கல்கத்தாவில் பிறந்த சொல். பாம்பு சுருண்டு கிடப்பதை மனதில் வைத்து, ஹென்றி பிடிங்டன் 1840-களில் கிரேக்கத்திலிருந்து ஆக்கினார். நடுவில் காற்றழுத்தம் குறைந்த சுழல் அது. நடுவில் அழுத்தம் கூடிய சுழலுக்கு 'ஆன்டிசைக்ளோன்' என்று 1863-ல் பெயரிட்டவர் பிரான்சிஸ் கால்டன். தமிழ்ப் பாடநூல்களில் அது எதிர்ச்சூறாவளி.

வியாழன் கோளில் சிவப்பாகத் தெரியும் பெரிய சுழலான பெருஞ்செம்புள்ளி இந்த வகை. கண்டுபிடிப்பது எளிது: தென் அரைக்கோளத்தில் தாழ்வழுத்தச் சுழல் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். செம்புள்ளி இருப்பது ஏறக்குறைய 22 பாகை தெற்கில். சுற்றுவதோ முள்ளுக்கு எதிராக. ஆகவே உயரழுத்தம். அதைப் 'புயல்' என்று எழுதுவது பேச்சுக்குச் சரி, தாழ்வழுத்தம் என்று விளக்குவது பிழை. விளிம்பில் காற்று மணிக்கு 400 கி.மீ.க்கு மேல் ஓடினாலும் நடுப்பகுதி அமைதியானது. பூமியிலோ எதிர்ச்சூறாவளி வந்தால் வானம் வெளுத்துவிடும். சூறையே இல்லாத இடத்தில் சூறாவளி எதற்கு? 'எதிர்ச்சுழல்' போதும்.

நம் கடற்கரைப் புயல் தரையேறினால் கடலின் ஈரம் அறுந்து ஓயும். வியாழனில் ஏறத் தரையே கிடையாது. அதனால்தான் செம்புள்ளி 1800-களிலிருந்து கண்ணில் படுகிறது. 40,000 கி.மீ. அகலம் இன்று ஏறக்குறைய 16,000 ஆகச் சுருங்கிவிட்டது, இருந்தும் பூமி உள்ளே அடங்கும்.

சனியில் 2010 டிசம்பரில் கிளம்பி, சில மாதங்களில் கோளையே சுற்றி வளைத்த வெண்புயல் வேறு சாதி. அது மின்னலோடு பொங்கிய இடிமழை. நம்மூர்ச் சூறைக்கு உறவு என்றால் அதுதான்.

செம்புள்ளியைப் பார்க்க 100 மி.மீ. முகப்பு விட்டமுள்ள தொலைநோக்கி, 120 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். வியாழன் 9 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவதால், புள்ளி நடுவில் வரும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 50 நிமிடம்தான் நன்றாகத் தெரியும். கருவியை அரைமணி முன்பே வெளியே ஆறவிடுங்கள். வெயிலில் காய்ந்த மொட்டைமாடி வேண்டாம், கான்கிரீட் சூடு படத்தை நெளிய வைக்கும். தோட்டத்து மண்தரை நல்லது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முக்காலியையே ஆட்டும்.