போரில் பிடிபட்ட கப்பலில் இருக்கும் வெள்ளி யாருக்குச் சொந்தம்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். பட்டறைக்காரர் ஊதுகுழலை அணைத்து வைத்துவிட்டு, "ஏனுங்க, சண்டை நடக்குற கடல்ல வெள்ளிக் கட்டி ஏத்திட்டு வர்ற கப்பலைப் புடிச்சுட்டாங்கன்னா, அந்த வெள்ளி யாருதுங்க?" என்று கேட்டார். நான் திருப்பூரில் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிற ஆள். அங்கே வைத்து முழுப் பதிலும் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். வெள்ளிக்குச் சொல்வது பனியன் பெட்டிக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் ஒன்று. பிடித்த கையோடு சரக்கு பிடித்தவனுக்குச் சொந்தமாகிவிடாது. போர்க்கப்பல் ஒரு வணிகக் கப்பலைப் பிடித்தால், அதைத் தன் நாட்டுப் பிரைஸ் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிரைஸ் என்றால் இங்கே பரிசு இல்லை; போரில் கடலில் பிடித்த கப்பலும் சரக்கும். அந்தக் கோர்ட் "இது எதிரியின் சொத்து" என்று தீர்ப்புச் சொன்னால்தான் உரிமை மாறும். நம் நாட்டிலும் இதற்கென்று 1971இல் ஒரு சட்டம் வந்தது.

எதை எடுக்கலாம் என்பதற்கு கடல் போருக்கு நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட 1856 பாரிஸ் பிரகடனம்தான் இன்றும் அடிப்படை. போரில் சேராத நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் எதிரியின் சரக்கு இருந்தாலும் தொடக்கூடாது. எதிரிக் கப்பலில் போரில் சேராதவரின் சரக்கு இருந்தாலும் தொடக்கூடாது. இரண்டுக்கும் ஒரே விலக்கு, போருக்கு உதவும் தடைப்பொருள்.

சரி, வெள்ளி தடைப்பொருளா? 1909 லண்டன் பிரகடனத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பிரகடனத்தை நாடுகள் உறுதிப்படுத்தவே இல்லை, ஆனாலும் அக்கால வழக்கம் அதில் தெரியும். எதிரியின் படைக்கோ அரசுக்கோ போனால் மட்டும் பிடிக்கலாம் என்கிற வகையில், போருக்குப் பயன்படும் துணிமணி, காலணி ஒரு வரி; அதற்கு அடுத்த வரியே தங்கம், வெள்ளி நாணயமும் கட்டியும். திருப்பூரும் சேலமும் பக்கத்துப் பக்கத்து வரியில் இருப்பதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

அப்புறம், சொந்தக்காரர் யார் என்று எப்படி முடிவு செய்வார்கள்? இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பிரைஸ் கோர்ட்டில் சரக்கு தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டியது கேட்டு வருகிறவர்தான். பிறந்த நாட்டை விட, தொழில் நடத்தும் நாட்டுக்கே அங்கே எடை அதிகம். சண்டை தொடங்கிய பிறகு, நடுக்கடலில் இருக்கும் சரக்கை அவசரமாக வேறொருவர் பெயருக்கு விற்றதாகக் காட்டினால் அதுவும் செல்லாது.

முதல் உலகப் போரில் ஒடெஸா என்ற ஜெர்மன் கப்பல் சிலி நாட்டிலிருந்து நைட்ரேட் ஏற்றி வரும்போது பிரிட்டன் பிடித்தது. லண்டனில் இருந்த ஒரு நிதி நிறுவனம், "இந்தச் சரக்கை நம்பித்தான் நாங்கள் பணப்பொறுப்பு ஏற்றோம், பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டு, சுருக்கமாக பிஎல்) எங்கள் கையில்தான் இருக்கிறது" என்று வந்து நின்றது. கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. அடமானம் வேறு, உடைமை வேறு என்று சொல்லிவிட்டது. பிஎல் கையில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை மனதில் வையுங்கள்.

மூழ்கிய கப்பல் கதை வேறு. 1942 நவம்பர் 23 அன்று, பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கா போன திலாவா கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. 280 பேர் இறந்தார்கள். அதில் தென்னாப்பிரிக்க அரசு வாங்கிய 2,364 வெள்ளிக் கட்டிகள் இருந்தன. 2017இல் ஒரு நிறுவனம் அவற்றை வெளியே எடுத்து, மீட்புக் கூலி கேட்டு வழக்குப் போட்டது. எடுத்தவருக்குக் கேட்கக் கிடைப்பது கூலிதான், வெள்ளி இல்லை. 2024 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அரசின் சரக்கு வணிகப் பயன்பாட்டில் இல்லாததால் தென்னாப்பிரிக்காவை அந்த வழக்குக்கு இழுக்க முடியாது என்றது. கல்கத்தாவிலிருந்து போய் 1941இல் மூழ்கிய கெர்சோப்பா கப்பலின் வெள்ளிக்கான உரிமையோ பிரிட்டன் அரசுக்குப் போனது. காரணம், போர்க்கால இன்சூரன்ஸ் அந்த அரசே கொடுத்திருந்தது. இழப்பீடு கட்டியவருக்குச் சரக்கின் மேல் உரிமை வரும். நம் 1963 கடல் இன்சூரன்ஸ் சட்டத்தின் 79ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது.

இப்போது நம் வீட்டு விஷயம். 2024 ஏப்ரல் 13 அன்று ஹோர்முஸ் அருகே ஈரான் பிடித்த எம்எஸ்சி ஏரிஸ், மும்பைக்குப் பக்கத்தில் உள்ள நவ சேவா துறைமுகத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பார்ட்டிக்கு வேறொரு சமயம் கன்டெய்னர் இப்படி நடுவில் மாட்டியது. பாலிசியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். 'ஆல் ரிஸ்க்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே ஆறாவது பிரிவில் பொடி எழுத்தில், போர், பிடிப்பு, தடுத்து வைத்தல் எல்லாம் விலக்கு. க்ளெய்ம் போச்சு. அன்று அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினேன்.

போர்க் காப்பைத் தனியாகக் கேட்டு, தனி பிரீமியம் கட்டி வாங்க வேண்டும். எப்ஓபி தூத்துக்குடி (அங்கே கப்பலில் ஏற்றும்வரை மட்டும் விற்பவர் பொறுப்பு) என்று விற்றால், கப்பலில் ஏறியதும் ஆபத்து பையர் தலையில் போகும். ஆனால் பணம் வரும்வரை பிஎல்லை உங்கள் ஆர்டரில் (நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் கை மாறும்படி) வைத்திருந்தால் உடைமை உங்களிடமே நிற்கலாம். அப்போது சரக்கு யாருடையது என்று காட்டும் இன்வாய்ஸ், ஒப்பந்தம், பிஎல் மூன்றிலும் பெயரும் விதிமுறையும் ஒன்றாக இருக்க வேண்டும். போர்க் காப்பை ஏழு நாள் நோட்டீஸில் இன்சூரன்ஸ் நிறுவனம் ரத்து செய்யலாம். கரையில் கிடக்கும் சரக்குக்கும் அது பொதுவாகப் பொருந்தாது. ஆனால் கொழும்பில் கப்பல் மாற்றும்போது மட்டும், கொண்டுவந்த கப்பல் அங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து 15 நாள் காப்பு தொடரும். அதற்குமேல் அங்கே கிடந்தால் காப்பு நின்றுவிடும், மறுபடி கப்பலில் ஏற்றிய பிறகே தொடரும்.