காலிபர்: அச்சில் பிறந்து விட்டமாய் வளர்ந்த சொல்

மலேசியத் தமிழர் காதில் ‘காலிபர்’ இரண்டு பொருளில் விழுகிறது. மலாய்ச் செய்தியில் ‘பெமிம்பின் பெர்காலிபர்’ என்றால் தகுதி படைத்த தலைவர். ‘9 எம்.எம். காலிபர் துப்பாக்கி பறிமுதல்’ என்றால் குழலின் உள்ளகலம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தமிழ்ச்சொல் தேடுகிறவர்கள் உண்டு. அது கிடைக்காது. துப்பாக்கிக்குள்ளேயே இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது, அவற்றைக் குழப்பினால் ஆளுக்கே ஆபத்து.

முதலில் பிறப்பு. அரபியில் ‘காலிப்’ என்றால் அச்சு, வார்ப்பு. அதற்கும் மூலமாக அகராதிகள் காட்டுவது கிரேக்கத்தில் செருப்புத் தைப்பவர் தோலை இழுத்து மாட்டும் மரக்காலின் பெயரை: கட்டை, கால் என்ற இரண்டு சொற்களின் கூட்டு. அரபியிலிருந்து இத்தாலியத்துக்கும் பிரெஞ்சுக்கும் போய், 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. குண்டு வார்க்கும் அச்சின் அளவு என்பது குண்டின் அளவாகி, பிறகு அந்தக் குண்டு நுழையும் குழலின் அளவாகிவிட்டது. பட்டறையில் விட்டம் பார்க்கும் ‘கேலிப்பர்’ கருவியும் இதே சொல்லின் இன்னொரு உருவம்தான். ஆகவே ‘நல்ல காலிபர் உள்ள ஆள்’ என்பதற்குத் தமிழில் ‘நல்ல வார்ப்பு’ என்று சொன்னால் மூலத்துக்கே திரும்பிவிட்ட மாதிரி. ஆனால் வழக்கில் தரம், தகுதி இரண்டும் போதும்.

குழலை எப்போதும் விட்டத்தால் அளந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பினாங்கு கோர்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் ஸ்ரீ ரம்பாய் 1603இல் வார்க்கப்பட்ட டச்சு பீரங்கி. அந்தப் பழைய பீரங்கிகளுக்குக் குண்டின் எடைதான் பெயர்: 12 பவுண்டு பீரங்கி, 24 பவுண்டு பீரங்கி. அந்த எடைக் கணக்கு இன்னும் சாகவில்லை. பாலிக் பூலாவ் டுரியான் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு எடுக்கும் செனாப்பாங் பாத்தாவை, அதாவது நடுவில் மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கியை, ‘12 போர்’ (ஆங்கிலத்தில் bore, குழல்துளை) என்கிறோமே, அது இதுதான். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டை பிடித்தால் ஓர் உருண்டை நுழையும் குழல் 12 போர். விட்டம் 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டை பிடித்தால் 20 போர், 15.6 மில்லிமீட்டர். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். இந்தக் குடும்பத்தில் .410 மட்டும் வேறு சாதி. அது நேராக அங்குலக் கணக்கு, 10.4 மில்லிமீட்டர்.

இந்தத் தலைகீழ்க் கணக்கு தெரியாததால் வரும் விபத்து ஒன்று உண்டு. 20 போர் தோட்டாவை 12 போர் துப்பாக்கியில் போட்டால் அது அறையை, அதாவது தோட்டா உட்காரும் இடத்தை, தாண்டி வழுக்கி, குழல் குறுகும் இடத்தில் போய்ச் சிக்கும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலி. ‘தோட்டா போடவில்லை போலிருக்கிறது’ என்று ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் இடது கை பிடித்திருக்கும் இடத்திலேயே குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் உறை போடும் வழக்கம் இதற்காகத்தான்.

இனி ரைஃபிள். குழலுக்குள் புரி வெட்டியிருப்பதால் அந்தப் பெயர். தமிழில் சிலர் ‘புரிதுமுக்கி’ என்று எழுதுகிறார்கள். சொல் நன்றாக இருக்கிறது, கடையில்தான் யாருக்கும் புரியாது. புரி வெட்டியதால் குழலுக்கு இரண்டு விட்டம் வந்துவிடுகிறது. மேட்டுக்கு மேடு அளந்தால் ஒன்று, பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் இன்னொன்று. .30 அங்குல வகைக் குழலில் மேட்டளவு 7.62 மில்லிமீட்டர், பள்ளத்தளவு 7.82. நேட்டோ படைகள் முதலாவதைப் பெயராக எடுத்தன. வின்செஸ்டர் நிறுவனம் 1952இல் ஏறக்குறைய அதே தோட்டாவை விற்பனைக்கு விட்டபோது இரண்டாவதை எடுத்து அங்குலத்தில் .308 என்று வைத்தது. அவசரகாலத்தில் மலாயாக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு திரிந்த லீ என்ஃபீல்டின் .303 மேட்டளவு. அதன் குண்டு .311 அங்குலத்துக்கு மேல். ‘.303ஐ விட .308 பெரியது’ என்று கணக்குப் போடுகிறவர் அங்கே தவறுகிறார்.

பெயரில் ஒட்டியிருக்கும் மற்ற எண்களுக்கும் ஒரே விதி இல்லை. .30-06இல் வரும் ஆறு, 1906ஆம் ஆண்டு. .30-30இல் இரண்டாவது முப்பது, உள்ளே போட்ட வெடிமருந்தின் எடை. .270இன் குண்டு .277 அங்குலம். .38 ஸ்பெஷல் குண்டு .357தான், பழைய தோட்டாவின் உறை அகலத்தில் வந்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஆக, காலிபர் எண் பாதி அளவு, பாதி பெயர். ஊர்ப்பெயர் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். தஞ்சோங் மாலிமில் மாலிமைத் தேடக்கூடாது.

இதனால்தான் கலைச்சொல் பட்டியல்களில் வரும் ‘குழல் விட்டம்’, ‘துளை விட்டம்’ இரண்டும் பாதி வேலைதான் செய்கின்றன. .30-30, .308, .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் நான்குக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. உறையின் நீளம், தோள் (உறை வாய்ப்பக்கம் குறுகும் சரிவு), அழுத்தம் எல்லாம் வேறு. .308 உறை 51 மில்லிமீட்டர், .30-06 உறை 63. குட்டையானதை நீளமான அறைக்குள் போட்டால் உள்ளே போகும், சில சமயம் வெடிக்கவும் வெடிக்கும். முன்னால் முட்டுக்கொடுக்க வேண்டிய அறையின் தோள் எட்டாததால் உறை அறையளவுக்கு ஊதும் அல்லது கிழியும், சுடுகாற்று பின்பக்கம் வரும். ‘விட்டம் ஒன்றுதானே’ என்ற வாதம் அந்த இடத்தில் உதவாது. எனவே குழலைப் பற்றிப் பேசும்போது ‘குழல் விட்டம்’ என்றும், எந்தத் தோட்டாவுக்காக அறை கடையப்பட்டது என்று பேசும்போது ‘தோட்டா வகை’ என்றும் எழுதுவதே சரி. குழலின் மேல் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

தோட்டா, குண்டு, ரவை மூன்றையும் நம் செய்திகளில் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். உறை, பிரைமர் (அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி), மருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுப்பொருள் தோட்டா. பறந்து போவது குண்டு. ஈழத்தில் அதைச் சன்னம் என்பார்கள். 12 போர் தோட்டாவுக்குள் இருக்கும் சிறு மணிகளே நம் பேச்சில் ரவை. மலாயில் குண்டுக்கு வழங்கும் ‘பெலுரு’ போர்த்துகீசியம், ‘செனாப்பாங்’ டச்சு. பழைய மலாயின் ‘பெடில்’ நம் ‘வெடி’ வழி வந்தது என்று கருதுவோர் உண்டு.

வேட்டைக்கு எந்தக் காலிபர் என்ற கேள்வியிலும் இதே குழப்பம்தான். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும், துப்பாக்கிக்குக் காவல்துறை உரிமம் தனி. எனவே இங்கிருந்து போய் ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்களுக்குத்தான் இது நடைமுறைக் கேள்வி. விக்டோரியா மாநிலத்தின் 2012ஆம் ஆண்டு விதிகள் கடமானுக்குக் குறைந்தது .270 காலிபர், 130 கிரெய்ன் (குண்டின் எடையளவு) குண்டு என்றன. புள்ளிமானுக்கு .243, 80 கிரெய்ன். அந்த விதிகள் உண்மையான விட்டத்தைத்தான் பார்த்தன. அதனால் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா, .264 அங்குலக் குண்டு, 140 கிரெய்ன் எடையோடு கடமானுக்குப் போதுமான வேகம் கொடுத்தாலும் அந்த விதிகளின்படி செல்லாததாக இருந்தது. புதிதாக வாங்குகிறவருக்கு .308 அல்லது .30-06 போதும். மருந்து கூடிய மேக்னம் வகை வாங்கினால் தோளில் விழும் உதை அதிகம். உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவரின் குண்டு மானின் வயிற்றில் பாயும்.

கிரெய்ன் என்பது ஒரு தானிய மணியின் எடை, 0.0648 கிராம். நம்மவருக்குச் சொல்ல எளிய வழி உண்டு: 180 கிரெய்ன் சரியாக ஒரு தோலா. நகைக்கடைத் தோலாவேதான். .30-06இல் பலர் விரும்பும் கனத்த குண்டு ஒரு தோலா ஈயமும் செம்பும்.

அடுத்த சொல் ‘ரீலோட்’. கோலாலம்பூரில் இந்தச் சொல்லைக் கேட்டால் கைப்பேசிக்குப் பத்து ரிங்கிட் போடுவதுதான் நினைவுக்கு வரும். துப்பாக்கியிலும் இரண்டு பொருள்: காலியான துப்பாக்கியில் மறுபடி தோட்டா போடுவது, சுட்டு முடித்த உறையில் மறுபடி தோட்டா செய்வது. முன்னதை ‘மீள்நிரப்பல்’ எனலாம். பின்னதற்கு ‘தோட்டா கட்டுதல்’ பொருந்தும் என்பது என் கணிப்பு; வெடி கட்டுகிறோம், தோட்டாவையும் கட்டலாம். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கும்வரை உரிமமின்றி இது பொழுதுபோக்கு அல்ல, குற்றம். அனுமதி உள்ள நாட்டில் செய்கிறவருக்கே மீதி.

பித்தளை உறையைத் துடைத்து, மசகு தடவி, அச்சுக்குள் இறக்கி அளவுக்குக் கொண்டுவந்து, பழைய பிரைமரைத் தள்ளிவிடுவது முதல் வேலை. காலிபரின் மூலப்பொருளான அச்சு இங்கே மறுபடி வந்து நிற்கிறது. சுடச்சுட உறை நீளும்; .308க்கு 2.015 அங்குலம் எல்லை, அதைத் தாண்டினால் 2.005க்கு வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் உறையின் வாய் குழலின் தொண்டையில் நெரிந்து குண்டைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். புதுப் பிரைமர் உறையின் அடிமட்டத்துக்குச் சற்றே உள்ளே இருக்க வேண்டும். மருந்தின் வகையும் அளவும் மருந்து செய்த நிறுவனத்தின் அட்டவணைப்படி மட்டும், குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும். மருந்து போடாமல் விட்ட தோட்டாவில் பிரைமர் மட்டும் குண்டைக் குழல் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். அடுத்த வெடி அதன்மேல் மோதும். ‘டப்’ என்று சத்தம் குறைந்தால் சுடுவதை நிறுத்தி, தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு பெட்டி சுடுகிறவருக்கு இந்தப் பாடெல்லாம் கட்டுப்படியாகாது. கடைத் தோட்டாவே மலிவு.

செய்தி எழுதுகிறவர்களுக்கு: ‘9 எம்.எம். காலிபர் துப்பாக்கி’ என்பதை ‘9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி’ என்று எழுதினால் போதும்; ‘காலிபர்’ அங்கே வெறும் சுமை. ‘.38 காலிபர் தோட்டாக்கள்’ என்பது ‘.38 வகைத் தோட்டாக்கள்’. குழலை அளந்து சொல்லும் நீதிமன்றச் சாட்சியத்தில் மட்டும் ‘குழல் விட்டம்’.