மீட்டர் 6 ஓம் காட்டும், ட்வீட்டர் செத்திருக்கும்: பழைய ஸ்பீக்கர் வாங்குமுன்

செகண்ட் ஹேண்டில் தைரியமாக வாங்கக்கூடிய மின்னணுச் சாமான் ஒன்று உண்டென்றால் அது ஸ்பீக்கர்தான். அதாவது பவர் கார்டு இல்லாத, ஆம்ப்ளிஃபையரிலிருந்து வயர் கொடுத்துப் பாடவைக்கும் பேசிவ் ஸ்பீக்கர். காந்தம், காயில் (கம்பிச் சுருள்), கோன் (அதிரும் கூம்பு), மரப்பெட்டி, உள்ளே ஒலியைப் பிரித்து அனுப்பும் ஒரு நெட்வொர்க் போர்டு, அவ்வளவுதான் சங்கதி. 20 வருடப் பெட்டி இன்று வாங்கிய ஆம்பிலும் பாடும். கெட்டுப்போகிற இடங்களும் நாலைந்துதான். டார்ச், மல்டிமீட்டர், டோன் ஜெனரேட்டர் செயலி (கேட்ட அதிர்வெண்ணில் ஒலி விடுவது) போட்ட போன், பழைய செய்தித்தாள் ஒரு தாள், இவ்வளவும் கையில் இருந்தால் விற்பவர் வீட்டுக் கூடத்திலேயே 20 நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர், ப்ளூடூத் செட், டிவிடி பிளேயரோடு வந்த ஹோம் தியேட்டர் ஆகியவற்றுக்கு இந்தத் தைரியம் வேண்டாம். அவற்றில் முதலில் போவது பவர் சப்ளையும் ஐசியும், போர்டு கிடைக்காது. ஹோம் தியேட்டரின் குட்டிப் பெட்டிகள் பலவும் 3 ஓம். அவற்றைப் பிரித்து வேறு ஆம்பில் மாட்டினால் ஆம்புக்கு ஆபத்து. லேபிளில் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்ச சக்தி) என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட்ஸ் எழுதியிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம்.

வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது ட்வீட்டரில், அதாவது கீச்சான உயர் ஒலிகளைப் பாடும் சின்ன ஸ்பீக்கரில். கையில் மீட்டர் இருப்பவர் பின்னால் உள்ள இரண்டு முனைகளில் வைத்துப் பார்ப்பார். 8 ஓம் பெட்டியில் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் பெட்டியில் 3 முதல் 3.5 வரை. சரியாகத்தான் இருக்கிறது என்று பணத்தை எடுத்து நீட்டிவிடுவார். ஆனால் மீட்டர் பார்த்தது ஊஃபரை, அதாவது கனத்த ஒலிகளைப் பாடும் பெரிய ஸ்பீக்கரை மட்டும். ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஒரு கெபாசிட்டர் குறுக்கே நிற்கிறது. மீட்டரின் டிசி கரண்டை அது விடாது. ட்வீட்டர் எரிந்து கிடந்தாலும் மீட்டர் அதே 6 ஓமைத்தான் காட்டும். காதுக்கும் உடனே தெரியாது. ஊஃபரே 2500, 3000 ஹெர்ட்ஸ் வரை பாடிவிடுவதால் குரல் தெளிவாகவே கேட்கும், "கொஞ்சம் மந்தமா இருக்கு, பழைய செட்டுதானே" என்று தோன்றும்.

அதனால் ட்வீட்டரைத் தனியாகக் கேட்க வேண்டும். செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை ட்வீட்டருக்கு ஒரு விரல் தள்ளியும் மறுமுனையைக் காதிலும் வையுங்கள். வால்யூமை நன்றாகக் குறைத்து 8000 ஹெர்ட்ஸ் டோனை இரண்டு மூன்று விநாடி மட்டும் விடுங்கள். நீட்டி விட்டால் நல்ல ட்வீட்டரும் சூடாகி எரியும். கூர்மையான 'ஈ' சத்தம் இரண்டு பெட்டியிலும் ஒரே அளவில் வர வேண்டும். பின்னால் நான்கு முனை இருந்தால் வேலை இன்னும் சுலபம். நடுவில் இணைத்திருக்கும் பித்தளைப் பட்டையைக் கழற்றி, ட்வீட்டர் ஜோடியில் (பெரும்பாலும் மேல் ஜோடி) மட்டும் வயரைக் கொடுத்துப் பாட்டைப் போடுங்கள். ஹை-ஹாட்டும் (டிரம்ஸ் செட்டின் ஜால்ரா) 'ஸ்' ஒலிகளும் மட்டும் சன்னமாகக் கேட்டால் உயிர் இருக்கிறது.

ட்வீட்டரை அதிகம் கொல்வது பெரிய ஆம்ப் அல்ல, சின்ன ஆம்ப். 20 வாட்ஸ் ஆம்பை முழுசாகத் திருப்பும்போது அலையின் தலை வெட்டுப்படுகிறது. அந்த வெட்டில் பிறக்கும் உயர் அதிர்வெண் எல்லாம் மெல்லிய கம்பி சுற்றிய ட்வீட்டரில்தான் போய் விழும். பார்ட்டியில் ஓடிய செட் என்று தெரிந்தால் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள். குழந்தை விரலால் அமுக்கிக் குழிந்த டோம் (ட்வீட்டரின் நடுக் குமிழ்) வேறு விஷயம். துணி டோம் என்றால் செலோ டேப்பை மெதுவாக ஒட்டி இழுத்தாலே பெரும்பாலும் எழுந்துவிடும். அலுமினியம், டைட்டானியம் டோமில் விழுந்த மடிப்பு போகாது.

அடுத்தது எட்ஜ், கோனுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓடும் வளையம். அது ஃபோமா, ரப்பரா, துணியா என்று முதலில் பாருங்கள். துணி பல பத்தாண்டு தாங்கும், ரப்பரும் நன்றாகவே தாங்கும். ஃபோம் என்பது பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அதைக் கரைக்கும். 10 முதல் 20 வருடத்தில் ஆயுள் முடியும், கடலோர ஊர்களில் சீக்கிரமே. கிரில்லைக் கழற்றி விரல்நுனியால் மெல்லத் தொட்டாலே போதும். அமுங்கி உடனே எழுந்தால் நல்லது. பிசுபிசுத்து விரலில் கருப்பாக ஒட்டினாலோ பிஸ்கட் மாதிரி உதிர்ந்தாலோ அது முடிந்த கதை. கிரில்லைக் கழற்றவே விடாதவரிடம் பேரம் பேச ஒன்றுமில்லை.

எட்ஜ் போனது மட்டுமே குறை என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம், ரீஃபோம் செய்துகொள்ளலாம், அதாவது புது வளையம் ஒட்டிக்கொள்ளலாம். '8 இஞ்ச்' என்று மட்டும் சொல்லி வளையம் வாங்கினால் பொருந்தாது. கோனின் வெளிவிட்டம், சட்டத்தின் உள்விட்டம், வெளிவிட்டம், வளைவின் அகலம் நான்கையும் அளந்துகொண்டு போக வேண்டும். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து எடுக்க வேண்டும். தின்னர் வேண்டாம், கோனின் பூச்சைத் தின்றுவிடும். முதலில் கோன் பக்கம் ஒட்டிக் காயவிட வேண்டும். சட்டத்துப் பக்கம் ஒட்டும்போது மெல்லிய வால்யூமில் 30 ஹெர்ட்ஸ் டோன் ஓடட்டும், உரசல் நிற்கும் இடத்துக்குக் கோனை நகர்த்திவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். காய்ந்தபின் நெகிழும் வெள்ளைப் பசைதான் இதற்கு. சூப்பர் க்ளூ கல்லாக இறுகி வளையத்தின் அசைவையே கெடுக்கும்.

காயில் உரசல் இதைவிடக் கெட்ட நோய். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஒரு துளி இடைவெளிதான். எட்ஜ் கிழிந்தபடியே பல மாதம் ஓடினால், அல்லது எரிந்து காயிலின் சுற்று பிரிந்தால், உரச ஆரம்பிக்கும். கோனின் நடுவில் உள்ள மூடியான டஸ்ட் கேப்பைச் சுற்றி இரண்டு கை விரல்களையும் சமமாக வைத்து மூன்று மில்லிமீட்டர் அமுக்கிவிடுங்கள். 'கரகர' வந்தால் காயில் போயிற்று. ஒரு பக்கம் மட்டும் அமுக்கினால் நல்ல ஊஃபரும் கரகரக்கும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். லோக்கலில் கோன் மாற்றிய ஊஃபர் வேறொரு தலைவலி. கோன் எடை மாறினால் பேஸ் மாறும், ஜோடி ஜோடியாக ஒலிக்காது. சட்டத்தில் புதுப்பசை, திருகுத் தலையில் கீறல், பின்னால் சீரியல் எண் பொருந்தாமை, இவை எல்லாம் கைவைத்ததற்கு அடையாளம். இரண்டு பெட்டியின் மீட்டர் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

பெட்டியின் அடிப்பக்கத்தை மறக்க வேண்டாம். வீடு துடைக்கும் தண்ணீரைக் குடித்து எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஊதியிருக்கும். ஊதிய பலகை திரும்பச் சுருங்காது. பின்னால் உள்ள துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கரப்பான் முட்டைக்கூடு, எலி கடித்த வயர், கரையான் மண், மூன்றும் நம்மூரில் சகஜம்.

20 வருடம் தாண்டிய பெட்டியில் நெட்வொர்க்கின் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் காய்ந்திருக்கலாம். அப்போது ட்வீட்டர் சாகாமலே மங்கும். 4.7 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தால் அதே மதிப்பில், நான்-போலார் (பிளஸ் மைனஸ் இல்லாத) வகையாக, இரண்டு பெட்டியிலும் சேர்த்து மாற்ற வேண்டும். சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும், செலவும் பெரிதல்ல.

பெயர் பெற்ற பழைய மாடல் என்றால் சாமான் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். போஸ் 901 நல்ல உதாரணம். 1968இல் வந்தது, ஒரு பெட்டிக்கு ஒன்பது சின்ன ஸ்பீக்கர். அதற்கென்றே கொடுத்த ஈக்குவலைசர் பெட்டி இல்லாமல் அது சரியாகப் பாடவே பாடாது. முதல் இரண்டு சீரிஸில் துணி எட்ஜ், மூன்றாவதிலிருந்து ஃபோம். இரண்டு பெட்டிக்கும் சேர்த்துப் பதினெட்டு வளையம் மாற்ற வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

கடைசியாக இரண்டு பெட்டியையும் ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்து மோனோவில் (இரண்டிலும் ஒரே ஒலி வரும்படி) ஒரே குரல் உள்ள பாட்டைப் போடுங்கள். குரல் நட்டநடுவில் நிற்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் சிதறினால் முதலில் ஒரு பெட்டியின் பிளஸ் மைனஸை மாற்றிப் பாருங்கள். வெளி வயர் சரியாக இருந்தும் சிதறினால், உள்ளே யாரோ மாற்றிச் சால்டர் செய்திருக்கிறார்கள்.

வண்டியில் ஏற்றும்போது முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்து, ட்வீட்டர் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து டேப் போடுங்கள். பித்தளைப் பட்டைகளை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். அவை அடிக்கடி விற்பவர் வீட்டு மேசையிலேயே தங்கிவிடும்.