காட்டுக்குள்ள வாலண்டியரா வர்றீங்களா? முதல் மாசம் எந்த வேலையும் ஆரம்பிக்காதீங்க

ஏப்ரல் பிறந்தா போதும், மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். "டாக்டர், காலேஜ் முடியுது, வால்பாறை பக்கம் ஏதாவது ட்ரைபல் செட்டில்மென்ட்ல ரெண்டு மாசம் தங்கி வேலை செய்யணும், என்ன கொண்டு வரணும்?" இப்படிக் கேக்குற பிள்ளைங்களப் பாத்தா எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருக்கும், ஏன்னா இந்த மலைக்கு ஆள் தேவை. ஆனைமலைல காடர், மலைமலசர், முதுவர், புலையர்னு பல சமூகங்களோட செட்டில்மென்ட்களுக்குப் போற மருத்துவக் குழுவுல நான் வேலை பாக்குறேன், புதுசா வர்ற வாலண்டியர்களுக்கு ஓரியன்டேஷன் குடுக்குறதும் என் பொறுப்புதான். அதுல நான் சொல்றதயெல்லாம் ஒரே இடத்துல எழுதிவச்சா நாலு பேருக்கு உதவுமேன்னுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கணும். இந்தக் காட்டுக்கு வெளியாள் வர்றது புதுசு கிடையாது. வெள்ளக்காரன் காலத்துல தேக்கு வெட்ட வந்தாங்க, மலை உச்சியில இருந்து மரத்த சறுக்கி விட்டதாலதான் டாப்சிலிப்புன்னே பேரு. அப்புறம் வால்பாறை மேட்டுல இருந்த மழைக்காட்ட அழிச்சு காப்பி, டீ போட வந்தாங்க. அதுக்கப்புறம் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்கு அணை கட்ட வந்தாங்க. 1976ல சரணாலயம், 2007ல புலிகள் காப்பகம். ஒவ்வொரு தடவையும் வந்தவங்க ஏதோ ஒரு நல்ல காரணம் சொல்லித்தான் வந்தாங்க, ஒவ்வொரு தடவையும் காடர் குடிகள்தான் இடம் மாற வேண்டி வந்துச்சு, இல்லன்னா வந்தவங்களுக்குக் கூலிக்கு வேலை பாக்க வேண்டி வந்துச்சு. இவ்வளவையும் பாத்த ஜனங்க முன்னாடிதான் நீங்க ஒரு நோட்டும் பேனாவுமா போய் நிக்கப் போறீங்க. அவங்க உங்கள்ட்ட ரொம்பப் பேசாம இருந்தா அது கூச்சம்னு நினைக்காதீங்க, உங்கள அளந்து பாத்துட்டு இருக்காங்க, அதுக்கு அவங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கு.

பழைய கதைன்னும் ஒதுக்க முடியாது. 2019 மழையில வால்பாறை பக்கம் கல்லாறுங்கிற காடர் குடியில மண் சரிஞ்சு வீடுங்க போச்சு. பக்கத்துலயே தெப்பக்குளமேட்டுல குடியேறுறோம்னு அந்த காடர் குடும்பங்க கேட்டதுக்கு உடனே அனுமதி கிடைக்கல, எஸ்டேட் தொழிலாளர்களோட லைன் வீடுகள்ல கொண்டுபோய் வச்சாங்க. வன உரிமைச் சட்டத்தக் கையில வச்சுக்கிட்டு விடாம போராடி 2021லதான் அந்த நிலம் கிடைச்சுது. 2006ல வந்த அந்தச் சட்டத்த நீங்க ஒரு தடவையாவது படிச்சுட்டு வாங்க, கிராம சபைக்கு அதுல என்ன அதிகாரம் இருக்குன்னு தெரிஞ்சுட்டு வாங்க, ஏன்னா நீங்க பழகப்போற பெரியவங்க பலருக்கு அது ரொம்ப நல்லாவே தெரியும்.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சிருக்கணும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல காடர்கள் குறிப்பா நலிவடைஞ்ச பழங்குடிங்கிற பட்டியல்ல இருக்காங்க. இந்தப் பக்கம் தமிழ்நாட்டு பட்டியல்ல தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு ஆறு பேர்தான், காடர் இல்ல. பரம்பிக்குளத்துல பொண்ணு குடுத்து எடுத்த சொந்தக்காரங்கதான் ரெண்டு பக்கமும், ஆனா 2023ல அந்தப் பட்டியல்ல உள்ளவங்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த பிஎம் ஜன்மன் திட்டத்துல அங்க இருக்குற அக்காவுக்கு வீடு வரலாம், இங்க இருக்குற தங்கச்சிக்கு வராது. "ஏன் நீங்க அப்ளை பண்ணல?"ன்னு போன முதல் வாரமே கேக்குற வாலண்டியர்கள நான் பாத்திருக்கேன். அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனாலதான் முதல் மாசம் எதையும் ஆரம்பிக்காதீங்கன்னு சொல்றேன். டியூஷன் வேண்டாம், சர்வே வேண்டாம், விழிப்புணர்வு முகாம் வேண்டாம். அப்ப என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. நிறைய இருக்கு. செட்டில்மென்ட் காப்பகத்துக்குள்ள இருந்தா வனத்துறை அனுமதி இல்லாம போக முடியாது, அந்த லெட்டர முன்னாடியே வாங்கிடுங்க. போனதும் குடித் தலைவரான மூப்பனப் போய்ப் பாருங்க, ஆனா அவரோட நிறுத்திக்காதீங்க, குடியில இருக்குற பாட்டிங்க கிட்ட உக்காருங்க, ஏன்னா உங்களுக்கு எங்க சோறு, யார் வீட்டுத் திண்ணையில பை வைக்கலாம்ங்கிறதெல்லாம் அவங்கதான் முடிவு பண்றாங்க. யாருக்கு யார் என்ன உறவுன்னு கத்துக்கோங்க. ரேஷன் வாங்கப் போறப்ப கூட நடந்து போங்க. ஆதார்ல பேர் தப்பா இருக்கும், பையனுக்கு எஸ்டி சர்டிபிகேட் வாங்க தாலுகா ஆபீஸுக்கு மூனு தடவ போய் திரும்பி வந்திருப்பாங்க, ஒரு நாள் கூலியும் பஸ் காசும் ஒவ்வொரு தடவையும் போயிருக்கும். கூடப் போய் கவுன்டர்ல நின்னு படிச்சுப் பாத்து ஃபாரம் நிரப்பிக் குடுக்குறது பெரிய உதவி, அதுக்கு எந்த ப்ராஜெக்ட்டும் தேவையில்ல, அவங்களே கேட்டா போதும்.

நாள் குறிக்கிறதுலயும் அவங்க கணக்குதான். கோடையில தேன் சீசன் வந்தா குடும்பம் குடும்பமா காட்டுக்குள்ள போய் பல நாள் தங்குவாங்க, ராத்திரியில பந்தம் புகை போட்டு மலைத்தேன் எடுப்பாங்க. குங்கிலியம், சீயக்காய், கிழங்குன்னு ஒவ்வொன்னுக்கும் ஒரு காலம் இருக்கு. அந்த நேரத்துல ஊர்ல இருந்து பேனர் அடிச்சுட்டு முகாம் போட வந்தா குடியில ரெண்டு வயசானவங்களும் நாயும்தான் இருக்கும், அப்புறம் "இவங்களுக்கு ஆர்வமே இல்ல"ன்னு ரிப்போர்ட் எழுதிட்டுப் போவாங்க. இது என்னை ரொம்பக் கோபப்படுத்துற விஷயம்.

ஆனை விஷயத்துக்கு வர்றேன், இதுல எந்த சமாதானமும் கிடையாது. வால்பாறைல ஆனை நடமாட்டத்த எஸ்எம்எஸ்ல சொல்ற ஏற்பாடும், ஆனை பக்கத்துல இருந்தா எரியுற சிவப்பு லைட்டும் பல வருஷமா இருக்கு, அதனால எத்தனையோ உயிர் தப்பியிருக்கு. போன நாளே உங்க நம்பர அதுல சேக்க முடியுமான்னு கேளுங்க. ஆனா பல செட்டில்மென்ட்ல சிக்னலே இருக்காது, அங்க உங்க கூட நடக்குறவர்தான் உங்களுக்கு அலாரம். அவர் காத்துல மோந்து பாப்பார், ஒடிஞ்ச மூங்கில தொட்டுப் பாப்பார், ஆனைச் சாணிய மிதிச்சுப் பாத்து சூடு இருக்கான்னு பாப்பார். அவர் கைய தூக்கினா நீங்க நின்ன எடத்துலயே நிக்கணும், ஏன்னு கேக்குறதெல்லாம் அப்புறம். இருட்டுனப்புறம் வெளிய போகாதீங்க, ராத்திரி ஒன்னுக்குப் போகணும்னாலும் வீட்டுக்காரங்கள எழுப்புங்க, தொந்தரவுன்னு நினைக்காதீங்க. நடக்குறப்ப காதுல இயர்போன் மாட்டுற ஆள நான் கூட்டிட்டே போக மாட்டேன்.

இப்ப உடம்பு. எல்லாரும் முதல்ல கேக்குறது அட்டை பத்தித்தான், பாவம் அட்டை. தென்மேற்கு மழை ஆரம்பிச்சா சின்னக்கல்லார் மாதிரி இடத்துல கால் வச்ச பக்கமெல்லாம் இருக்கும், இறுக்கமா நெய்த அட்டை சாக்ஸ் போட்டு மேல உப்போ மூக்குப்பொடியோ வேப்பெண்ணெயோ தடவிக்கிட்டா பெருசா ஏறாது. கடிச்சிருந்தா பிச்சு இழுக்காதீங்க, நகத்த அட்டை வாய்ப்பக்கமா வச்சு மெதுவா தள்ளிவிடுங்க. ரத்தம் உறையாம இருக்க அது ஒரு பொருள விடுறதால கொஞ்ச நேரம் ரத்தம் வந்துட்டே இருக்கும், பயப்பட வேண்டாம். அரிக்கும், சொறிஞ்சா புண்ணாகி சீழ் வைக்கும், அதுதான் தொந்தரவு.

நான் பயப்படுறது கண்ணுக்குத் தெரியாத ஒன்னுக்கு. புதர்லயும் புல்லுலயும் இருக்குற ஒரு வகை உண்ணியோட குஞ்சு கடிச்சா வர்ற ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். கடிச்சது தெரியவே தெரியாது. ஆறு நாள்ல இருந்து மூனு வாரத்துக்குள்ள காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்பு வலின்னு ஆரம்பிக்கும். அதுக்குள்ள நீங்க கோயம்புத்தூரோ சென்னையோ திரும்பிப் போயிருப்பீங்க, அங்க டாக்டர் வைரல் ஃபீவர்னு பாரசிட்டமால் குடுத்து அனுப்பிடுவார், அதுல அவர் தப்பு எதுவும் இல்ல, நீங்க காட்டுல இருந்தத சொன்னாத்தான அவருக்குத் தெரியும். உடம்புல எங்கயாவது சிகரெட் சுட்ட மாதிரி நடுவுல கருப்பா பக்கு கட்டி சுத்தி சிவந்திருந்தா அதுதான் முக்கியமான அடையாளம். அது வலிக்காது, அரிக்காது, அக்குள்ல, தொடையிடுக்குல, இடுப்புல பாவாடை நாடா பேன்ட் பெல்ட் இறுக்குற எடத்துல, மார்புக்குக் கீழன்னு மறைவான எடத்துலதான் இருக்கும், கூச்சப்பட்டுக் காட்டாம விட்டுடுறாங்க. எல்லாருக்கும் அந்தத் தழும்பு வர்றதும் இல்ல. நேரத்துல கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலயே ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கும், விட்டுட்டா நுரையீரல், கிட்னி, மூளைன்னு போய் ஐசியூல கொண்டு போய் நிறுத்தும். அதனால திரும்பி வந்து மூனு வாரத்துக்குள்ள காய்ச்சல் அடிச்சா டாக்டர் முன்னாடி உக்காந்ததும் உங்க முதல் வார்த்த "நான் ஆனைமலை காட்டுல தங்கியிருந்தேன்"னு இருக்கட்டும். தரையில ஈரத் துணிய காயப்போடாதீங்க, புல்லுல படுக்காதீங்க, சாயங்காலம் வந்ததும் குளிச்சு துணி மாத்துங்க.

பாம்பு கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, கடிபட்ட கை காலை அசைக்காம 108ஐயோ ஜீப்பையோ பிடிச்சு வால்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. நம்ம ஊர்ல கிடைக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்குத்தான். இந்தக் காட்டுல இருக்குற குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது, அதனால கடிபடாம இருக்குறதுதான் வைத்தியம்: ராத்திரி டார்ச், கணுக்கால் மூடுற ஷூ, கை வைக்கிறதுக்கு முன்னாடி கிளையப் பாக்குறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா பொள்ளாச்சிக்கு நாப்பது கொண்டை ஊசி வளைவு இறங்கணும்ங்கிறத மனசுல வச்சுக்கோங்க.

பெட்டி நிறைய மாத்திரை கொண்டு வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சல் மாத்திரை உங்களுக்கு வச்சுக்கோங்க. ஆன்டிபயாடிக்க ஊர்ல யாருக்கும் குடுக்காதீங்க. ரெண்டு வாரமா இருமுறவருக்கு நீங்க ஆசையா ரெண்டு மாத்திரை குடுத்தா சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டிய ஆள் வீட்டுலயே இருந்துடுவார், டிபியா இருந்தா அந்த வீட்டுக் குழந்தைக்கும் போகும். கிராம சுகாதார செவிலியர் நம்பர வாங்கி வச்சுக்கோங்க, அவங்கள கூப்பிடுங்க. அவங்க மழையில நடந்து வர்றவங்க, உங்கள விட ரொம்ப வருஷம் அங்க இருக்கப் போறவங்க.

போட்டோ பத்தி நான் ரொம்ப கண்டிப்பு. குழந்தைங்க முகம் உங்க இன்ஸ்டாகிராமுக்கு எதுக்கு? அவங்க அம்மா சரின்னு தலையாட்டுனது உங்க முகத்துக்காக, அது எத்தன பேர் கண்ணுக்குப் போகும்னு அவங்களுக்கு நீங்க சொல்லவே இல்லியே. முதல் மாசம் போன் பையிலயே இருக்கட்டும். பழைய துணி மூட்டையும் வேண்டாம், சாக்லேட்டும் வேண்டாம். கடன் குடுக்காதீங்க, சாராயம் குடிக்கிறவர திருத்தவும் போகாதீங்க. முக்கியமா எந்த வாக்கும் குடுக்காதீங்க. "ரோடு போட கலெக்டர்கிட்ட பேசுறேன்"னு பேச்சுவாக்குல நீங்க சொன்னத அடுத்த மழைக்கு நாலு வீட்டுல ஞாபகம் வச்சிருப்பாங்க, வேற யாரோ வர்றப்ப அவங்ககிட்ட கேப்பாங்க.

போற தேதிய முதல் வாரத்துலயே எல்லாருக்கும் சொல்லிடுங்க, குழந்தைங்களுக்குக் கண்டிப்பா சொல்லுங்க. உண்டு உறைவிடப் பள்ளியில இருந்து வீட்டு ஞாபகத்துல ஓடி வந்துடுற பிள்ளைங்க ஏற்கெனவே நிறைய பிரிவ பாத்தவங்க. ரெண்டு மாசம் சாயங்காலம் சாயங்காலம் பாட்டும் கணக்குமா சொல்லிக் குடுத்துட்டு ஒரு நாள் காலைல சொல்லாம பஸ் ஏறிட்டா அடுத்த அக்கா வர்றப்ப அதுங்க கிட்டவே வராதுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு செட்டில்மென்ட்ல இப்ப டியூஷன் எடுக்குறது அங்கயே பிறந்து பிளஸ் டூ முடிச்ச ஒரு பொண்ணு. வர்ற வாலண்டியர்கள் அந்தப் பொண்ணு சொல்ற வேலையத்தான் செய்யுறாங்க: ஒருத்தர் இங்கிலீஷ் வாசிக்க உதவுறார், ஒருத்தர் மழை நாள்ல கரண்ட் இல்லாதப்ப எரியுற சோலார் லைட்ட ரிப்பேர் பண்ணிக் குடுத்தார், ஒருத்தர் அந்தப் பொண்ணோட காலேஜ் அப்ளிகேஷன நிரப்ப உக்காந்தார். யார் வந்தாலும் யார் போனாலும் ஆறு மணிக்கு டியூஷன் நடக்குது. அந்தப் பொண்ணுக்கு மாசச் சம்பளம் குடுக்கத்தான் இப்ப வழி தேடிட்டு இருக்கோம், வர முடியாதவங்க அதுக்கு உதவலாம்.