காக்ளியர் இம்ப்ளான்ட் ‘செயற்கைக் காது’ ஆன கதை

என் சித்தி மகளின் பையனுக்கு இரண்டரை வயதில், காது கேளாதவர்களுக்கு உட்காதில் வைக்கும் மின்கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தினார்கள். அறுவை முடிந்த மூன்றாம் நாள் சித்தி போன் செய்து, “புதுக் காது வச்சாச்சுன்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கான். அப்புறம் ஏன்டா புள்ளை கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது?” என்று அழாத குறையாகக் கேட்டார். அந்த நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். மருத்துவமனையில் கொடுத்த மடிப்புத் தாள். மேலே கொட்டை எழுத்தில் ‘செயற்கைக் காது பொருத்தும் அறுவை சிகிச்சை’. பையனின் கருவியோ அப்போது வேலையே தொடங்கவில்லை. தையல் ஆறி, சில வாரம் கழித்துத்தான் ‘ஸ்விட்ச் ஆன்’ செய்வார்கள். அதுவும் அந்தத் தாளில் இருந்தது, உள்பக்கத்தில், பொடி எழுத்தில்.

இந்தச் ‘செயற்கைக் காது’ பத்திரிகையிலும் டிவியில் கீழே ஓடும் செய்தியிலும் வந்து வந்து, கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் கொக்லியாஸ் என்றால் நத்தை. அது லத்தீனில் காக்ளியா ஆயிற்று. உட்காதில் சுருண்டு கிடக்கும் உறுப்புக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் ஃபலோப்பியோ. இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூட. சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். இம்ப்ளான்ட் என்பதன் வேர் ‘உள்ளே நடுவது’. அவ்வளவுதான்.

நம்மவர்கள் காக்ளியாவை ‘நத்தை எலும்பு’ என்றும் எழுதுகிறார்கள். நத்தை சரி, எலும்பு எங்கிருந்து வந்தது? சுத்தி, பட்டடை, அங்கவடி மூன்றும் நடுச்செவியின் தனித்தனி எலும்புகள். காக்ளியா அப்படி ஒரு துண்டு அல்ல. பொட்டெலும்புக்குள் குடைந்த சுருள் குகை, உள்ளே திரவம். எனக்குப் பிடித்த சொல் ‘செவிச்சங்கு’. ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று பழமொழி வைத்திருக்கிறோம் (இன்று அந்த முதல் சொல்லை யாரும் பயன்படுத்த வேண்டாம்). காதுக்குள்ளேயே ஒரு சங்கு இருப்பது மட்டும் நம் கலைச்சொல்காரர்கள் கண்ணில் படவில்லை.

சங்குக்கு இந்தக் கருவியின் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1977-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க் ஒரு சிக்கலில் இருந்தார். மின்முனைகள் கோத்த கம்பிக்கற்றையைச் சுருளுக்குள் ஆழமாகச் செருக முடியவில்லை. கடற்கரையில் உட்கார்ந்து, சங்குபோல் சுருண்ட ஒரு சிப்பிக்குள் புல்லின் தாளைச் செருகிப் பார்த்திருக்கிறார். நுனி வளைந்துகொடுத்து, அடி போகப்போக விறைப்பாக இருந்த புல் சுருளோடு சுற்றி உள்ளே போனது. கம்பியையும் அப்படியே செய்தார்கள். 1978-ல் மெல்பர்னில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். கிளார்க்கின் தந்தை காது சரியாகக் கேளாத மருந்துக்கடைக்காரர்.

சரி, ‘செயற்கைக் காது’க்கு வருவோம். அதன் மூலம் எது என்று எனக்கு ஓர் ஊகம். மெல்பர்னில் இதை ‘பயோனிக் இயர்’ என்றார்கள். கிளார்க் 1980-களில் தொடங்கிய ஆய்வு நிறுவனத்துக்கே முதலில் அந்தப் பெயர்தான் இருந்தது. இயர் என்றால் காது, பயோனிக் என்றால் ஏதோ செயற்கை என்று யாரோ ஒருவர் அவசரத்தில் தமிழாக்கியிருப்பார். அவர்கள் அதைச் செல்லப்பெயராக வைத்தார்கள். நாம் அறுவைக்கு ஒப்புதல் வாங்கும் தாளில் ஏற்றிவிட்டோம்.

பிறவியிலேயே காதுமடல் இல்லாதவர்களுக்கு சிலிக்கோனில் மடல் செய்து ஒட்டுகிறார்களே, அதுதான் செயற்கைக் காது. கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செயற்கைக் கால், செயற்கைப் பல் எல்லாம் அப்படித்தான்: இல்லாத உறுப்பின் இடத்தில் வேறொன்று. சித்தி பேரனின் காது இருந்த இடத்திலேயே இருக்கிறது. காதுக்குப் பின்னால் மாட்டிய பகுதி ஒலியை வாங்கிப் பகுத்துக் குறிகளாக்குகிறது. தலையில் காந்தத்தால் ஒட்டி நிற்கும் வட்டவில்லை அந்தக் குறிகளைத் தோலைத் தாண்டி உள்ளே அனுப்புகிறது. உள்ளே இருக்கும் கருவி செவிச்சங்குக்குள் செருகிய மின்முனைகள் வழியே நரம்பைத் தட்டுகிறது. சுருளின் அடியில் தட்டினால் கீச்சொலி, நுனிப்பக்கம் போகப்போகக் கனத்த ஒலி. மின்முனைகள் 12 முதல் 22 வரை. இயற்கையான காதில் இந்த வேலையை ஏறக்குறைய 3,500 உள் மயிர்ச்செல்கள் பார்க்கின்றன. 22-ஐ வைத்துக்கொண்டு அதைக் ‘காது’ என்பது, நாலு கட்டை உள்ள விளையாட்டுப் பியானோவில் கச்சேரி என்று நோட்டீஸ் அடிப்பது மாதிரி.

ஆனால் என் பெரிய சண்டை இதுவல்ல. காது என்றதும், வைத்தவுடன் கேட்கும் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. கேட்பது மூளை. இதை ஜெர்மனியில் ஹானோவரில் இருக்கும் நரம்பியல் ஆய்வாளர் ஆந்த்ரேய் க்ராலைவிட அழுத்தமாகக் காட்டியவர் குறைவு. பிறவியிலேயே கேட்காத வெள்ளைப் பூனைகளை வைத்து அவர் பல ஆண்டுகளாக ஆய்கிறார். 1999-ல் ரைனர் கிளிங்கெ குழுவில் அவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், குட்டியிலேயே கருவி வைத்த பூனைகளின் கேள்விப் புறணி (மூளையில் ஒலியைக் கவனிக்கும் மேலடுக்குப் பகுதி) மாதக்கணக்கில் ஒலி போகப்போக வேலைக்கு வந்தது. வளர்ந்த பிறகு வைத்தால் அந்த அளவுக்கு வரவில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. கேளாத பூனைகள் ஓரப்பார்வையில் மற்றப் பூனைகளைவிடக் கெட்டி. கேள்விப் புறணியின் ஒரு பகுதியைக் குளிரூட்டித் தற்காலிகமாக உறங்கவைத்தால் அந்தக் கூடுதல் திறமை போய்விடுகிறது என்று 2010-ல் லோம்பர், மெரிடித், க்ரால் மூவரும் காட்டினார்கள். கேட்க வேண்டிய இடத்தில் பார்வை வாடகைக்கு வந்திருக்கிறது! குழந்தைகளின் மூளையலைகளை அளந்த அனு சர்மாவின் ஆய்வுகளும் அதே திசையில்தான்: மூன்றரை வயதுக்குள் பொருத்தினால் நல்லது, ஏழு வயதைத் தாண்டினால் பெரும்பாலும் கடினம்.

அதனால்தான் அறுவைக்குப் பின் ‘மேப்பிங்’ (கருவியின் மின்னளவை அவரவருக்கு ஏற்பச் சரிசெய்வது), பேச்சுப் பயிற்சி என்று மாதங்கள், ஆண்டுகள். ‘புதுக் காது’ வந்துவிட்டது என்று நம்பும் வீட்டில் பயிற்சிக்கு யார் அலைவார்கள்? பஸ் செலவு வேறு.

இப்போது எதிர்முனை. தனித்தமிழ் ஆர்வலர் ஒருவர் ‘செவிப்பதியம்’ என்றார். பிளான்ட் என்றால் செடி, ஆகவே பதியம். கேட்க அழகு. ஆனால் பதியம் வேர் விடும்; மல்லிகைக் கொம்பை மண்ணில் அமுக்கி வைத்தவர்களுக்குத் தெரியும். கருவி வேர் விடாது, பேட்டரி தீர்ந்தால் நின்றுவிடும். ‘உள்வைப்பு’ என்பவர்களும் உண்டு. எனக்கு வங்கி வைப்புத்தொகை நினைவுக்கு வருகிறது. ‘பொருத்தி’ என்றால் பொருத்துகிற பொருளா, பொருத்தப்பட்ட பொருளா? ஒலிவாங்கி ஒலியை வாங்குகிறது. செவிச்சங்குப் பொருத்தி எதைப் பொருத்துகிறது?

வழி ஏற்கெனவே தமிழிலேயே இருக்கிறது. பேஸ்மேக்கரை யாரும் ‘செயற்கை இதயம்’ என்பதில்லை, ‘இதயமுடுக்கி’ என்கிறோம். செய்யும் வேலையைச் சொல்லும் சொல். அதே அச்சில் இது ‘செவிநரம்புத் தூண்டி’. என் ஆசைச் சங்கை இங்கே விட்டுத்தான் ஆகவேண்டும். தூண்டப்படுவது சங்கு அல்ல, நரம்பு. உறுப்புக்கு மட்டும் செவிச்சங்கு இருக்கட்டும். இதுவும் வேண்டாம் என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட் என்றே எழுதுங்கள், குற்றமில்லை. புரியாத சொல்லைப் பார்த்தால் டாக்டரிடம் கேட்பார்கள். புரிந்த மாதிரி இருக்கும் தப்பான சொல்லைப் பார்த்தால் கேட்கவே மாட்டார்கள்.

பையனுக்கு ஸ்விட்ச் ஆன் ஆன அன்று அவன் அழுதான். நாலு மாதம் கழித்து ஒருநாள் குக்கர் விசில் வந்தபோது விளையாட்டை நிறுத்திவிட்டு அடுப்படிப் பக்கம் பார்த்தான். நானும் அங்கே இருந்தேன். சித்திக்கு என் செவிநரம்புத் தூண்டியைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உள்ளிருந்து மகளுக்குக் குரல் கொடுத்தார்: “குளிப்பாட்டப் போறேன், புள்ளைக்கு மிசினைக் கழட்டு.” ‘காது’ எப்போதோ போய்விட்டிருந்தது.