டிகாஷனைக் கெடுப்பது எந்த உப்பு?

ஏற்காட்டில் குடித்த காப்பி நன்றாக இருந்தது என்று அரைக் கிலோ தூள் வாங்கி வருகிறோம். சேலத்தில் வீட்டு போர் தண்ணீரில் டிகாஷன் இறக்கினால் சப்பென்று இருக்கிறது. பழி தூள் மேல் விழும். தூளைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைப் பார்ப்பது நல்லது.

மழைநீர் மண்ணில் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறையை அரிக்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் நீரில் சேர்கின்றன, கூடவே பைகார்பனேட்டும். முதல் இரண்டும்தான் கடினத்தன்மை. சேலத்தின் வடபுறம் மேக்னசைட் வெட்டும் வெள்ளைக்கல் மேடுகள் இருக்கின்றன. மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். அந்தப் பாறையில் ஊறிய நீரில் மெக்னீசியம் தூக்கலாக இருப்பது இயல்பு.

ஆனால் மெக்னீசியத்தைத் திட்டக் கூடாது. காப்பியின் மணப்பொருள்களை அது நன்றாகப் பற்றி இழுக்கும் என்று 2014இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்துக் காட்டினார்கள். கெடுப்பது பைகார்பனேட். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விளையும் அராபிகா வகைக் காப்பியின் உயிரே அந்த மெல்லிய புளிப்புதான். பைகார்பனேட் அந்த அமிலத்தோடு வினைபுரிந்து, அதைப் புளிப்பில்லாத உப்பாக்கிவிடும். அப்புறம் மிஞ்சுவது கசப்பு. சிக்கரி அதிகம் போட்ட தூளில் இது அவ்வளவாகத் தெரியாது. பிளாண்டேஷன் ஏ என்ற உயர்தர அராபிகா வாங்கியவருக்குத்தான் வயிறெரியும்.

பீர் வடிப்பவர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். செக் நாட்டுப் பில்சன் ஊரின் மென்னீரில் வெளிர் பீர் பிறந்தது. பைகார்பனேட் மிகுந்த டப்ளின் நீருக்குக் கறுப்பு பீர் ஒத்துவந்தது, ஏனென்றால் கருக வறுத்த தானியத்தின் அமிலம் பைகார்பனேட்டைச் சரிக்கட்டிவிடும்.

சரி, நாம் என்ன செய்வது? பழைய வழி, கொதிக்கவைப்பது. பத்து நிமிடம் கொதித்தால் வாயு வெளியேறி, கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படியும். ஆறவிட்டு, கலக்காமல் மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். சேலத்தில் இதற்கு ஒரு வரம்பு உண்டு. மெக்னீசியம் கார்பனேட் கால்சியம் கார்பனேட்டைவிட நன்றாகவே நீரில் கரையும். அதனால் மெக்னீசியமும் அதோடு வந்த பைகார்பனேட்டும் பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடும். சல்பேட், குளோரைடு வகை உப்புகளும் கொதித்தால் போகாது. நீர் சுண்டச் சுண்ட அவை அடர்த்தியாகும்.

சாஃப்ட்னர் கருவி கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். வாளியில் உப்புக் கறை படியாது, துணி வெளுக்கச் சோப்பு குறைவாகச் செலவாகும். பைகார்பனேட் மட்டும் அப்படியே நிற்கும். காப்பிக்கு இது வீண் செலவு.

எனக்குப் பிடித்த வழி, ஆர்ஓ நீரில் போர் தண்ணீரைக் கொஞ்சம் கலப்பது. வெறும் ஆர்ஓ நீரில் உப்பு மிகமிகக் குறைவு என்பதால் காப்பி வெறுமனே புளிக்கும். நீரிலுள்ள பைகார்பனேட்டைக் காட்டும் அளவு காரத்தன்மை; காப்பிக்கு அது லிட்டருக்கு சுமார் 40 மில்லிகிராம் போதும் என்பது காப்பித் துறையின் அளவு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் 200ஐவிட இது மிகக் குறைவு. உங்கள் போர் தண்ணீரில் 400 இருந்தால், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ஆர்ஓ நீர். அளப்பதற்கு டிடிஎஸ் மீட்டரை நம்ப வேண்டாம். அது எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும், எது பைகார்பனேட் என்று சொல்லாது. மீன்தொட்டிக் கடையில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் காரத்தன்மைச் சோதனைப் பெட்டி கேட்டு வாங்குங்கள்.