நீர்த்துமி

தண்ணீரை அழுத்தத்தில் நுண்துளிகளாகச் சீறவிட்டுத் தீயை அடக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் 'ஹை பிரஷர் வாட்டர் மிஸ்ட் ஃபயர் சப்ரஷன்' என்று பெயர். அதில் வரும் வாட்டர் மிஸ்ட் என்பதை 'நீர் மூடுபனி' என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்கு உறுத்துகிறது. மூடுபனி தானாக இறங்கிக் கவிந்து கிடப்பது. டர்பைன் அறையில் நாசில் வழியாகச் சீறி வருகிற தண்ணீருக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

மிஸ்ட் பழைய ஆங்கிலச் சொல், மங்கல், இருள் என்ற பொருளும் அதற்கு உண்டு. வடமொழி மேகத்துக்கும் அதற்கும் வேர் ஒன்றே, ஆக நாம் கடன் வாங்கிய 'மேகம்' அதற்குத் தூரத்துச் சொந்தம்.

ஆனால் நம்மிடமே துமி இருக்கிறது. கம்பர் அந்தச் சொல்லை ஆண்டபோது இது வழக்கில் இல்லை என்று ஒட்டக்கூத்தர் மறுத்தாராம், அப்புறம் தயிர் கடைந்துகொண்டிருந்த ஓர் ஆய்ச்சி, துமி தெறிக்கும், தள்ளி நில்லுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னதைக் கேட்டு ஒப்புக்கொண்டாராம். செவிவழிக் கதைதான். ஆனாலும் மத்தின் வேகத்தில் உடைந்து சிதறும் துளிதான் துமி என்பது அதில் தெளிவாக இருக்கிறது, இங்கே மத்தின் வேலையைப் பம்ப் செய்கிறது.

பம்ப் தரும் அழுத்தம் எவ்வளவு? அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) வகுத்த 750-ஆம் எண் தரநிலைப்படி 34.5 பாரும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அதற்கு மேலும் இருந்தால்தான் உயர் அழுத்தம், கார் டயர் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 15 மடங்கு. ஒரு லிட்டர் தண்ணீரை 1 மில்லிமீட்டர் துளிகளாக்கினால் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர், அதையே 100 மைக்ரான், அதாவது 0.1 மில்லிமீட்டர், துமியாக்கினால் 60. பரப்பு கூடக்கூட வெப்பத்தை வேகமாக உறிஞ்சி ஆவியாகும். அந்த ஒரு லிட்டர் சுமார் 1,700 லிட்டர் நீராவியாக விரிந்து, சுடர் இருக்கும் இடத்திலேயே ஆக்சிஜனைத் தள்ளிவிடும். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீரைப் பீய்ச்சினால் எண்ணெய் பொங்கித் தெறித்துத் தீ இன்னும் பரவும், துமியோ பெரும்பாலும் சுடருக்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. பெரிய வறுகலன்கள் ஓடும் ஆலைகளில்கூட இதை வைப்பது அதனால்தான்.

தீயை அணைக்கப் பயன்பட்டு, ஓசோன் படலத்தைக் கெடுத்த ஹாலான் வாயுவின் உற்பத்தி வளர்ந்த நாடுகளில் 1994-இல் நின்றபோது, மாற்றுத் தேடியவர்கள் இதன் பக்கம் திரும்பினார்கள்.

சரி, சப்ரஷன்? அதைத் தீயணைப்பு என்று எழுதுவதும் தவறு. வெப்பத்தைச் சட்டென்று குறைத்து, தீ மறுபடி வளராமல் பிடித்து வைப்பதுதான் அது, முழுக்க அணைந்தே தீரும் என்ற உறுதி அதில் இல்லை. மறைவில் எரியும் சிறு தீ, நீராவியும் போதாமல், துமியும் எட்டாமல் தப்பிக்கலாம். ஆகவே 'உயர் அழுத்த நீர்த்துமித் தீயடக்கம்' என்றே எழுதுங்கள், பலகையில் 'அணைப்பு' என்று படிக்கிற தொழிலாளி தீ முழுக்க அணைந்துவிட்டது என்று நம்பி உள்ளே போய்விடக் கூடாது.